இரைச்சலின் நடுவே ஒரு தாலாட்டு

நாம் குடியிருப்பது அம்பிட்டியவில், கண்டி வாவியைக் கடந்து தலாத்துஓயாப் பக்கம் ஏறிச் செல்லும் வீதியோரத்தில் உள்ள ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில். அம்பிட்டிய என்றதும் வெளியூர் அன்பர்கள் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893ஆம் ஆண்டில் நிறுவிய குருமடத்தையும், பசிய குன்றுகளையும், அவற்றின் அமைதியையும் எண்ணிப் பெருமூச்சு விடுவது வழக்கம். குன்றுகள் உண்மை. பசுமையும் உண்மை. அமைதி மட்டும் எம் தொடர்மாடிப் படிக்கட்டில் ஏறி வந்ததே இல்லை.

பொழுது புலருமுன் பஸ் வண்டிகள் மேட்டில் ஏற முடியாமல் முனகும். அவற்றின் பின்னாலேயே பாண்கார முச்சக்கரவண்டி வந்துவிடும். ஜெர்மானிய இசைமேதை பீதோவன் 1810இல் எழுதிய 'எலீசுக்காக' என்ற பியானோ இசையைத்தான் அந்த வண்டியின் சிறிய ஒலிபெருக்கி ஓயாமல் வாசிக்கின்றது. பீதோவனின் பெயரை அறியாத குழந்தைகளுக்கும் அந்த மெட்டுக் கேட்டதும் சீனிப் பணிஸ் நினைவுக்கு வரும். பின்னர் மேல்மாடியில் அரைக்கும் இயந்திரம், அடுத்த வீட்டில் குக்கரின் விசில், கீழே மோட்டார் சைக்கிள், தெருவில் நாய்கள், மாலையில் தகரக் கூரைமேல் மழை. இவற்றின் நடுவே வாழ்ந்து பழகிய நமக்கு இவை ஒன்றும் காதில் விழுவதில்லை. ஆனால் ஒலிவாங்கிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதற்கு எல்லாம் கேட்கும்.

இதை நாம் அறிந்துகொண்டது அண்மையில்தான்.

பேத்தியின் கவலை

எம் தொடர்மாடியிலேயே வசிக்கும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி ஒரு நாள் மாலை கண் கலங்க வந்து நின்றாள். அவளுடைய அம்மாயிக்கு வயது 82. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மூதாட்டி. தம் தாயிடம் கேட்டுப் பழகிய தாலாட்டுகள் அவருக்கு ஏழெட்டுத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாதவை. வேறு எவருக்கும் முழுமையாகத் தெரியாதவை. கனடாவில் இருக்கும் மூத்த பேத்திக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. அந்தக் குழந்தை தன் பூட்டியின் குரலிலேயே தாலாட்டுக் கேட்கவேண்டும் என்பது அக்காள் தங்கை இருவருடைய ஆசை. ஆனால் மாத முடிவில் அம்மாயி வவுனியாவில் உள்ள மகன் வீட்டிற்குப் போகவிருந்தார். மூச்சும் முன்போல் இல்லை. ஒரு தடவையில் இரண்டு பாட்டு, மிஞ்சினால் மூன்று.

"மாமி, கைத்தொலைபேசியில் மூன்று நாளாகப் பதிந்து பார்த்தேன். அம்மாயியின் குரலைத் தவிர மற்ற எல்லாம் விழுந்திருக்கின்றன," என்றாள்.

போட்டுக் கேட்டோம். உண்மைதான். மெல்லிய, நடுங்கும் குரல் எங்கோ ஒரு கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அதற்கு முன்னால் பாண்காரரின் பீதோவன் கம்பீரமாக நின்றார்.

நாம் செய்த இரு தவறுகள்

பிறருக்கு அறிவுரை கூறுவதில் நமக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. "முட்டைத் தட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டினால் சத்தம் உள்ளே வராது, மகள்," என்று உடனே கூறினோம். கடைத்தெருவில் சொல்லிவைத்து நாற்பது தட்டுகளை வாங்கி ஒட்டியும் விட்டோம். நாய் குரைத்தது முன்போலவே கேட்டது. மோட்டார் சைக்கிளும் முன்போலவே கேட்டது. அறைதான் கோழிப் பண்ணையின் களஞ்சியம்போல் ஆயிற்று.

இரண்டாவது யோசனை, நள்ளிரவு. ஊர் உறங்கிய பின் பதிந்தால் என்ன? அன்றிரவு ஒரு மணிக்கு அம்மாயியை எழுப்பினாள் பேத்தி. அவர் எழுந்து, தேநீர் குடித்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு பாட முயன்றார். குரல் எழவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டு இது. பாடுகிறவளையே தூங்க வைத்தால் யார் கேட்பது?" என்று சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பதிவைக் கேட்டபோது, பகலில் நாம் அறியாத தவளைகளும் சில்வண்டுகளும் குளிர்சாதனப்பெட்டியின் ரீங்காரமும் அதில் நிறைந்திருந்தன.

இரு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. எதை எதிர்த்துப் போரிடுகின்றோம் என்பதை அறியாமலே ஆயுதத்தைத் தேடினோம். அதன் பிறகுதான் இவ்விஷயத்தைப் படித்தறிய முற்பட்டோம்.

பகைவர் இருவர்

வீட்டில் குரலைப் பதிவோருக்குப் பகைவர் இருவர். ஒருவன் வெளியிலிருந்து வரும் இரைச்சல். மற்றவன் அறைக்குள்ளேயே பிறக்கும் எதிரொலி. இவ்விருவரையும் ஒரே மருந்தால் வெல்ல இயலாது.

வெளி இரைச்சலைத் தடுப்பது கனமும் அடைப்புமே. கனத்த சுவர் ஒலியைத் தடுக்கும். இலேசான பொருள் தடுக்காது. கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாற்கூட, அதன் வழியே நூற்றில் ஒரு பங்கு ஒலி நுழைந்துவிடும். அதாவது எத்துணை நல்ல கதவாயினும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க மாட்டாது. ஆகவே முட்டைத் தட்டுக்குச் செலவிட்ட பணத்தில் கதவின் அடியில் ஒரு சுருட்டிய துவாயை வைத்திருந்தால் கூடிய பயன் விளைந்திருக்கும்.

எதிரொலியை அடக்குவதோ மென்மையான, தடித்த பொருள்கள். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த வாலஸ் சபீன் என்னும் இளைஞர். அங்கு புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுபவரின் சொல் ஒன்றும் விளங்கவில்லை. எழுந்த ஒலி அடங்க ஏறக்குறைய ஐந்தரை விநாடி சென்றது. 1895இல் அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையாண்ட கருவிகள் ஓர் ஓர்கன் குழலும், ஒரு நிறுத்து கடிகாரமும், தம் செவிகளும், அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளுமே. ஊர் அடங்கிய இரவுகளில் மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடியுமுன் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்களாம். மெத்தைகள் கூடக்கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்னும் கலை இவ்வாறு மெத்தையின் மேல் பிறந்தது என்றாலும் தகும்.

அவருடைய கணக்கை நம் அறைக்குப் பொருத்திப் பார்த்தோம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை. வெறுமையாக இருந்தால் ஒலி அடங்க இரண்டு விநாடிக்கு மேல் செல்லும். மெத்தைகளாலும் போர்வைகளாலும் 8 சதுர மீற்றர் அளவுக்கு ஒலியை உறிஞ்சும் பரப்பைச் சேர்த்தால், அது ஏறக்குறைய அரை விநாடியாகக் குறைந்துவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மெத்தையும் போர்வையும் இல்லாத வீடு உண்டா?

வீட்டில் பிறந்த இசை

"இதெல்லாம் ஸ்டூடியோக்காரர் செய்யவேண்டிய வேலையல்லவா?" என்று நேயர்கள் கேட்கலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிரெட் கைஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் 1902ஆம் ஆண்டு ஏப்ரலில் மிலான் நகரத்து ஹோட்டல் அறையொன்றில் கருவியை அமைத்து, எதிர்காலத்தில் உலகப்புகழ் பெறவிருந்த கரூசோவின் பத்துப் பாட்டுகளைப் பதிந்தார். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, அங்கும் ஹோட்டல் அறையில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அக்காலத்தில் ஒலிப்பதிவுக்கு மின் ஒலிவாங்கி பயன்படவில்லை. ஊதுகுழல் போன்ற கூம்பின் வாயில் முகத்தை வைத்துப் பாடினார்கள்.

சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளவிலேயே ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த ஒலிப்பதிவுக் கூடமும், 1992இல் 'ரோஜா'வின் பாடல்கள் அவருக்குத் தேடித்தந்த புகழும் நாம் அறிந்தவையே. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெற்றோர் வீட்டில் அண்ணனின் சிறிய படுக்கையறையிற் பதியப்பட்டது. மறு ஆண்டு அதற்கு அந்நாட்டின் உயரிய கிராமி விருது கிடைத்தது. 2020இல் கொள்ளைநோய் உலகை வீட்டினுள் அடைத்தபோது, பெயர்பெற்ற வானொலி நிலையங்களின் அறிவிப்பாளர்கள் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு செய்தி வாசித்தார்கள். ஆகவே நம் அம்மாயி நல்ல துணையோடுதான் இருந்தார்.

மூன்று நாட் குறிப்பு

முதலில் செய்த வேலைக்குப் பென்சிலும் தாளுமே போதுமாயிருந்தன. மூன்று நாள்களுக்குக் காலை முதல் இரவு வரை, எந்நேரத்தில் என்ன சத்தம் என்பதைப் பேத்தியும் நாமும் மாறி மாறிக் குறித்து வந்தோம். பாண் வண்டி அதிகாலையிலும் பிற்பகலிலும். பாடசாலை வாகனங்கள் எட்டு மணிக்குள் ஓய்ந்துவிடும். குக்கர் பதினொன்றரைக்குத் தொடங்கும். மழை பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பின். தாளைப் பார்த்தால் காலை பத்தேகால் முதல் பதினொன்றேகால் வரை ஒரு சிறு பள்ளத்தாக்குப் போல் அமைதி தெரிந்தது. அம்மாயியின் குரலும் காலைத் தேநீருக்குப் பின் அந்நேரத்தில்தான் நன்றாக இருக்கும். நள்ளிரவைத் தேடிப்போன நாம், பட்டப்பகலில் இருந்ததைப் பார்க்கவில்லை!

அடுத்ததாக ஒலிவாங்கி. கீழ்மாடியில் வசிக்கும் தம்பி, மேடையிற் கையிற் பிடித்துப் பாடும் டைனமிக் வகை ஒலிவாங்கி ஒன்றையும், அதைக் கணினியுடன் இணைக்கும் சிறு பெட்டியையும் இரவல் தந்தார். கண்டென்சர் வகை மிக நுட்பமானது. அமைதியான கூடத்தில் அதற்கு நிகரில்லை. இரைச்சல் மிகுந்த வீட்டிற்கோ, வாயருகே வைத்துப் பாடத் தோதான டைனமிக் வகையே ஏற்றது. மைக்கேல் ஜாக்சனின் 1982ஆம் ஆண்டுத் 'திரில்லர்' இசைத்தொகுப்பிலும் குரலுக்கு அவ்வகையே பயன்பட்டது.

அருகில் வைப்பதில்தான் முழு இரகசியமும் அடங்கியிருக்கின்றது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும், குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் உயரும். தெரு இரைச்சலோ இருந்தபடியே இருக்கும். பேத்தி முதலிற் கைத்தொலைபேசியை இரண்டடித் தூரத்தில் மேசைமேல் வைத்திருந்தாள். அதை அரை அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் இலாபம். எந்த விலையுயர்ந்த கருவியும் இதைவிட மலிவாக இவ்வளவு நன்மையைத் தராது. கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவர்களும் இவ்வொன்றைச் செய்தாற் போதும், பாதிக் குறை தீரும்.

இன்னொன்று. இத்தகைய ஒலிவாங்கிக்கு முன்பக்கம்தான் காது. முதுகுப்புறம் ஏறக்குறைய செவிடு. ஆகவே அதன் முதுகை இரைச்சல் வரும் யன்னலின் பக்கம் திருப்பவேண்டும். அப்போது பாடுபவர் யன்னலை நோக்கி அமர்வார். பலர் தெருவுக்கு முதுகு காட்டி அமர்வதே நல்லது என்று எண்ணுவர். அவ்வாறு அமர்ந்தால் ஒலிவாங்கியின் காது நேரே தெருவைப் பார்க்கும். பாடுபவரின் முதுகுப்புறத்தில்தான் போர்வையைத் தொங்கவிடவேண்டும். ஏனெனில் ஒலிவாங்கி பார்ப்பது அப்பக்கத்தையே.

நாம் செய்த ஏற்பாடு இது. இரண்டு மெத்தைகளை அலுமாரியோடு சாய்த்து நிறுத்தினோம். அலுமாரிக் கதவுகளைத் துணிகளோடு திறந்து வைத்தோம். கொடிக்கயிற்றில் இரண்டு கம்பளிகளை மடித்துத் தொங்கவிட்டோம். மேசைமேல் ஒரு துவாய். கதவடியில் ஒரு துவாய். மின்விசிறியை நிறுத்தினோம். குளிர்சாதனப்பெட்டியையும் நிறுத்தி, வீட்டுச் சாவியை அதனுள்ளேயே வைத்தோம். வெளியே போகச் சாவியைத் தேடும்போது பெட்டியை மீண்டும் இயக்குவது நினைவுக்கு வந்துவிடும் அல்லவா? பகர எழுத்துகளில் மூச்சுக்காற்று 'பட்' என்று மோதாதிருக்க, பூவேலை செய்யும் வளையத்தில் ஒரு பழைய மெல்லிய காலுறையை இழுத்துப் பூட்டி வாயின் முன் நிறுத்தினோம்.

அயலவரின் வாசலில்

இவ்வளவும் செய்த பிறகும் மோட்டார் சைக்கிளை நிறுத்தக் கம்பளியால் ஆகாது. அதற்கு வேண்டியது வாய்ச்சொல். பதிவுக்கு முதல் நாள் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகச் சென்றோம். "நாளை பத்தேகால் முதல் பதினொன்றேகால் வரை ஒரு மணி நேரம் மட்டும்," என்று காரணத்தோடு கேட்டோம். மேல்மாடி அம்மா, தோசை மாவை அன்றிரவே அரைத்து வைப்பதாகச் சொன்னார். கீழ்மாடித் தம்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்தியில் இயக்குவதாகச் சொன்னார்.

எதிர்வீட்டுச் சிங்கள அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். தாலாட்டை அவர்கள் மொழியில் 'தரு நெளவிலி' என்பார்கள். தம் தாயாரும் நன்றாகப் பாடுவார் என்றும், அவர் மறைந்தபின் தமக்கு முதலடிகள் மட்டுமே நினைவிருக்கின்றன என்றும், அக்குரலை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை என்றும் கூறினார். மறுநாள் நாம் கேளாமலே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து படிக்கட்டின் அடியிற் போட்டு அமர்ந்துகொண்டார். தபால்காரரும், மீன் விற்பவரும், ஓடிவந்த பிள்ளைகளும் அந்த ஒரு மணி நேரம் அவருடைய சுட்டுவிரலைத் தாண்டி ஏறவில்லை. நாற்பது முட்டைத் தட்டுகளால் ஆகாததை ஒரு நாற்காலி செய்துவிட்டது.

பாட்டு

பாடும் முன் முப்பது விநாடி எவரும் மூச்சுவிடாமல் இருந்து வெறும் அறையின் ஒலியைப் பதிந்தோம். பிறகு துப்புரவு செய்யும்போது 'இதுதான் நீக்கவேண்டிய இரைச்சல்' என்று கணினிக்குக் காட்ட இது உதவும். குரலின் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் அளவிலேயே நிற்கும்படி வைத்துக்கொண்டோம். உரத்துப் பாடினாலும் ஒலி உடையக்கூடாது. சுருக்கிய எம்பி3 வடிவத்தில் அல்லாது, குறையாத வேவ் வடிவத்திற் பதிந்தோம்.

அம்மாயிக்கு முதலில் ஒலிவாங்கியைக் கண்டு கூச்சம். பேத்தி ஒரு தலையணையை அவர் மடியில் வைத்தாள். அவ்வளவுதான், கை தானாகவே அதைத் தட்டத் தொடங்கியது, குரலும் தானாகவே வந்தது. அன்று மூன்று பாட்டு. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் இரண்டு. அத்துடன் தமக்குத் தெரிந்தது முடிந்தது என்றார். தவறிய இடத்தில் நிறுத்தாமல் பாடவிட்டு, அந்த அடியை மட்டும் மறுபடி பாடச் செய்தோம். வயோதிபரைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி வருத்துவது முறையன்று; பயனும் இல்லை.

துப்புரவு வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் 'ஓடாசிட்டி' என்ற கணினி நிரலே போதுமானது. 80 முதல் 100 ஹேட்ஸ் வரைக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட்டால் பாரவண்டிகளின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும். பெண்குரல் அவ்வளவு கீழே இறங்காதாகையால் பாட்டுக்குக் கேடில்லை. இரைச்சல் நீக்கும் வசதியை 6 முதல் 12 டெசிபெல் அளவோடு நிறுத்திக்கொள்ளுதல் நன்று. பேராசைப்பட்டு அதிகமாக நீக்கினால், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கொழகொழத்துப் போகும். பேத்தி முதலில் அவ்வாறு செய்து பார்த்துவிட்டு, "இது அம்மாயி இல்லை," என்று அழித்துவிட்டாள். அழிந்தது பிரதிதான், மூலத்தைத் தொடாமல் வைத்திருந்தோம். இதையும் நேயர்கள் மறவாதிருத்தல் வேண்டும்: மூலப் பதிவை இரு வேறு இடங்களில் வைத்துவிட்டே திருத்தத் தொடங்குங்கள்.

கடைசிப் பாட்டின் முடிவில் யன்னலுக்கு வெளியே ஒரு குக்குறுவான் நாலைந்து தடவை கூவியது. அதை வெட்டிவிடப் பேத்தி முனைந்தாள். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாயி தடுத்துவிட்டார். "உன் அம்மாவைத் தூங்க வைக்கும்போதும் லயத்து வாசலில் அது கத்தும். இருந்துவிட்டுப் போகட்டும்," என்றார். இருக்கவிட்டாள்.

ஏழு பாட்டுகளும் கனடா போய்ச் சேர்ந்தன. அம்மாயி வவுனியா சென்றார். அங்கு போய்ச் சில வாரங்களில் அவருக்கு நெஞ்சுச் சளி கண்டு, உடம்பு தேறியபோதிலும் பாடும் மூச்சு திரும்பவில்லை என்று அறிந்தோம். ஒரு மாதம் தாமதித்திருந்தால் என்னவாயிருக்கும் என்பதை நாம் எழுதவேண்டியதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு குரல் இருக்கும். பாட்டாக இருக்கலாம், பழங்கதையாக இருக்கலாம், தேவாரமாகவோ கொழுந்து மலையின் தெம்மாங்காகவோ இருக்கலாம். நல்ல கருவி வாங்கிய பிறகு பார்க்கலாம், அமைதியான வீட்டிற்குக் குடிபோன பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மாணவ மணிகள் இந்த விடுமுறையிலேயே பென்சிலை எடுத்து மூன்று நாட் குறிப்பைத் தொடங்கலாம். மெத்தையும் கம்பளியும் வீட்டில் இருக்கின்றன. அயலவர் வாசலும் பக்கத்திலேயே இருக்கின்றது.

நாற்பது முட்டைத் தட்டுகள் எம்மிடம் உள்ளன. தேவைப்படுவோர் முட்டை வைப்பதற்கென்றால் தாராளமாக வந்து பெற்றுக்கொள்ளலாம்.